டையில் சிக்கிய கூடும் வெடித்த கழுத்தும்: பித்தளைக் கூடுகளின் கோளாறுகளைக் களையும் வழிமுறை

ஒஹாயோவில் நான் உறுப்பினராக இருக்கும் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசை என் பொறுப்பில் இருக்கிறது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பத் தயார் செய்பவர்கள், வேலை எங்கே தடுக்கியதோ அந்தப் பொருளைக் கையோடு எடுத்துக்கொண்டு அங்கே வருவார்கள். ஒருவர், விரிந்த கூட்டை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சான டையை, கூடு சிக்கியபடியே துணியில் சுற்றிக்கொண்டு வருவார். இன்னொருவர் கழுத்து கிழிந்த கூடுகளை ஒரு காப்பி டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டுவார். ஆட்கள் மாறுகிறார்கள், கோளாறுகள் மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

இது வெற்றுக் கூட்டோடு நின்றுவிடும். வெடிமருந்தின் அளவையும் குண்டின் எடையையும் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். என்னிடமோ வேறு எவரிடமோ வாய்வழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடாது. சட்டம் பற்றியும் இரண்டு வரி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை, விற்பதற்கென்றால் தேவை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஊரில் இருக்கும் தம்பிகள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

மேசையில் என்ன இருக்க வேண்டும்

கூட்டை டைக்குள் தள்ளும் கைப்பிடிக் கருவிக்கு பிரஸ் என்று பெயர். புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது எந்த பிரஸ் வாங்குவது என்பதைத்தான். ஓ வடிவச் சட்டமுள்ள, வார்ப்பிரும்பில் செய்த ஒற்றை நிலை பிரஸ் வாங்குங்கள். ஒரு முறை கைப்பிடியை இழுத்தால் ஒரு வேலை மட்டும் நடக்கும். அதனால்தான் தவறு எங்கே நடந்தது என்று தெரிகிறது. ஒரே இழுப்பில் நான்கைந்து வேலை முடிக்கும் தொடர்நிலை பிரஸ் வேகமானதுதான். தவறையும் அதே வேகத்தில் நூறு கூடுகளில் செய்து முடித்துவிடும். டைகள் பெரும்பாலும் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்ற ஒரே அளவில் வருவதால், ஒரு நிறுவனத்தின் டை இன்னொரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் உட்காரும். ஆகவே பிரஸ்ஸை ஒரு முறை நன்றாக வாங்கிவிட்டால் போதும்.

பணத்தைச் சுருக்கக் கூடாத இடங்கள் இரண்டு: தாடைகளால் பிடித்து அளக்கும் நல்ல காலிப்பர், கூட்டை உள்ளே விட்டு அளவு சரிதானா என்று பார்க்கும், உங்கள் தோட்டாவுக்கான கூடு அளவி. கூட்டைச் சுழற்றிப் பளபளப்பாக்கும் டம்ளர் இல்லாமல் முதல் வருடத்தை ஓட்டிவிடலாம். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். பளபளப்பு கண்ணுக்குத்தான், துப்பாக்கிக்கு வேண்டியது மணலும் கரியும் இல்லாத கூடு.

கீழே வரும் பெயர்கள் புரிந்துகொள்ள எளியவை. கூட்டுக்கு மனித உடம்பின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். மேலே வாய், அடுத்து கழுத்து, சரிவாக விரியும் தோள், உடல், அடியில் விளிம்பு. விளிம்பின் நடுவே, மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர் என்ற சிறு கிண்ணம் உட்காரும் பிரைமர் குழி, குழியின் நடுவே தீ உள்ளே செல்லும் சிறு துளை.

அறிகுறி 1: கூடு டைக்குள் சிக்கிக்கொண்டது

கைப்பிடி பாதி வழியில் இறுகுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறீர்கள். கூட்டை மேலே தூக்கிச் செல்லும் தண்டான ராம் கீழே இறங்கும்போது கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. கூடு மட்டும் டைக்குள்ளேயே நின்றுவிட்டது. பாட்டில்போலக் கழுத்துள்ள ரைஃபிள் கூடுகளில் இது எல்லோருக்கும் ஒரு முறையாவது நடக்கும். எனக்கு முதல் மாதத்திலேயே நடந்தது.

*இறுகத் தொடங்கியதும் நிறுத்தினீர்களா?* ராமின் தலையில் கூட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரில் கூடு இன்னும் இருந்தால் மேலும் தள்ளாதீர்கள். கைப்பிடியை மெல்லப் பின்னுக்கு எடுங்கள். இரண்டில் ஒரு முறை கூடு வெளியே வந்துவிடும். வந்த கூட்டைத் துடைத்து, டைக்குள் வழுக்கிச் செல்வதற்கான மெழுகு தடவி மறுபடி முயலலாம்.

*விளிம்பு கிழிந்துவிட்டதா?* இனி இழுத்துப் பயனில்லை. சிலர் டையைச் சூடாக்கப் பார்ப்பார்கள். பித்தளை எஃகைவிட அதிகம் விரியும் உலோகம், இன்னும் இறுகும். அதே கணக்கில் உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தால் சில நேரம் கழன்று வரும். செலவில்லாத வழி என்பதால் முயன்று பார்க்கலாம். என் அனுபவத்தில் ஐந்தில் ஒன்று வந்தால் அதிகம்.

வராவிட்டால் செய்ய வேண்டியது இது. டைக்குள்ளே பழைய பிரைமரைத் தள்ளும் ஊசித் தண்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, தண்டை எவ்வளவு மேலே தூக்க முடியுமோ அவ்வளவு தூக்குங்கள். இல்லாவிட்டால் டிரில் அதன் மேல் பாயும். டையைத் தலைகீழாக வைஸில் பிடித்து, பிரைமர் குழியின் நடுவாக 7ஆம் எண் டிரில் பிட்டால் துளையுங்கள். அந்தத் துளையில் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை உள்ள டேப் என்ற மரை வெட்டும் கருவியால் மரை வெட்டுங்கள். கால் திருப்பு முன்னே, அரைக்கால் திருப்பு பின்னே என்று போனால் பித்தளைச் சுருள் உதிர்ந்துகொண்டே வரும். அவசரப்பட்டால் டேப் ஒடிந்து, சிக்கல் இரண்டாகும். பிறகு டையின் வாய்மேல் ஒரு குழாய்த் துண்டையும் அதன்மேல் வாஷரையும் வைத்து, போல்ட்டை நுழைத்து முடுக்குங்கள். ஸ்பேனரில் திடீரென்று பாரம் குறையும். "டப்" என்று ஒரு சத்தம், கூடு வெளியே. இதற்கான சாதனங்களை ஒரு பொட்டலமாகவே விற்கிறார்கள். டை வாங்கும் நாளிலேயே அதையும் வாங்கி வைத்துவிடுங்கள். சிக்குவது எப்போதும் கடை மூடிய பிறகுதான்.

காரணங்களை மலிவானதிலிருந்து பாருங்கள்:

மெழுகே தடவவில்லை, அல்லது நான்கில் ஒரு கூடு விடுபட்டுப்போனது. பெரும்பாலும் இதுதான். கூட்டின் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே, டை அதிகம் நெருக்கும் இடத்தில் விரலால் தடவியிருக்க வேண்டும். தோளில் தடவத் தேவையில்லை.

மெழுகுக்குப் பதிலாக, ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலின் கலந்த தெளிப்பான் பயன்படுத்துபவர் என்றால், அது உலர்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். அதில் இருக்கும் ஆல்கஹால் ஆவியாகிப் போனபின்தான் வழுக்கும் படலம் மிஞ்சும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

டைக்குள் மணல் அல்லது துருவல். டார்ச் அடித்துப் பாருங்கள். துணியில் கரைப்பான் நனைத்துத் துடையுங்கள். புதிய டைக்குள் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பும் எண்ணெயையும் முதலில் துடைக்க வேண்டும்.

தப்பான கூடு. தரையில் பொறுக்கிய கூடுகளில் எல்லாம் கலந்திருக்கும். அடியில் பொறித்திருப்பதைப் படிக்காமல் டையில் ஏற்றாதீர்கள்.

கைத்துப்பாக்கிக்கான நேர்ச்சுவர் கூடுகளுக்குக் கார்பைடு வளையம் உள்ள டை கிடைக்கிறது. அதற்கு மெழுகே தேவையில்லை. இந்தத் துணிச்சலில் ரைஃபிள் டையிலும் மெழுகில்லாமல் ஏற்றி, டையோடு என் மேசைக்கு வந்தவர்களை எண்ணி முடியாது.

*எப்போது விட்டுவிட வேண்டும்?* கூடு வெளியே வந்தபின் அடுத்த கூடுகளில் எல்லாம் ஒரே இடத்தில் நெடுக்குக் கீறல் விழுந்தால், டையின் உட்சுவரில் பித்தளை ஒட்டியிருக்கிறது அல்லது சுவரே கீறியிருக்கிறது. ஒட்டியதை மெருகேற்றும் பசையால் எடுக்கலாம். சுவரே கீறியிருந்தால் டையைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் டையின் அளவு போய்விடும்.

அறிகுறி 2: தோளில் பள்ளம் விழுகிறது

மெழுகு அதிகமாகிவிட்டது. அது அமுங்காது, போக இடமில்லாமல் பித்தளையை உள்ளே குழித்துவிடுகிறது. குறைவாகத் தடவுங்கள். டையின் பக்கவாட்டில் காற்றுப் போகும் சிறு துளை அடைபட்டிருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். சின்னப் பள்ளம் அடுத்த முறை சுடும்போது தானாக நிமிர்ந்துவிடும். கூர்மையான மடிப்பு விழுந்திருந்தால் எறிந்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

அறிகுறி 3: டையில் ஏற்றிய கூடு அளவியிலோ துப்பாக்கியிலோ உட்காரவில்லை

டையில் ஏற்றியாகிவிட்டது, ஆனாலும் தோட்டாவுக்குப் பின்னால் பூட்டும் துப்பாக்கியின் போல்ட் மூட மறுக்கிறது. உடனே டையைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவால் கூட்டின் வாய் முதல் அடி வரை பூசி, அளவிக்குள் விட்டு லேசாக அழுத்தி எடுங்கள். மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் கோளாறு. முப்பது ரூபாய் பேனா செய்யும் இந்த வேலையை முந்நூறு டாலர் கருவியும் இதைவிடத் தெளிவாகச் செய்யாது.

*வாயில் உரிந்திருக்கிறதா?* கூடு நீண்டுவிட்டது. ஒவ்வொரு முறை சுட்டு, டையில் இழுக்கும்போதும் பித்தளை முன்பக்கமாக நகர்கிறது. .223 ரெமிங்டன் கூட்டின் உச்ச நீளம் 1.760 அங்குலம்; வெட்ட வேண்டிய அளவு 1.750. .308 வின்செஸ்டருக்கு உச்சம் 2.015, வெட்டும் அளவு 2.005. டையில் ஏற்றியபின் அளந்து வெட்டுங்கள். ஏற்றும் முன் வெட்டினால் டை மறுபடி நீட்டிவிடும், வேலை இரட்டிப்பு. வெட்டியபின் வாயின் உள்ளும் வெளியும் பிசிரை எடுக்க மறக்காதீர்கள். அந்தப் பிசிரே சில நேரம் இடிக்கும்.

*தோளில் உரிந்திருக்கிறதா?* தோள் போதிய அளவு பின்னுக்குப் போகவில்லை. முதலில் ஷெல் ஹோல்டரின் மேற்பரப்பையும் ராமின் பள்ளத்தையும் துடையுங்கள். பழைய பிரைமர் கரி ஒரு தாளின் கனத்துக்கு அங்கே படிந்திருந்தாலே போதும். அடுத்து டையை இறக்குங்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. அங்குலத்துக்கு 14 மரை என்றால் முழுத் திருப்புக்கு டை சுமார் 0.071 அங்குலம் இறங்கும். போல்ட் ரைஃபிளுக்குத் தோளை 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் போதும். அதற்கு டையை 10 டிகிரி மட்டும் திருப்ப வேண்டும். கடிகார நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகர்வதைவிடக் கொஞ்சம் குறைவு. அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு 0.003 முதல் 0.004 வரை. "நன்றாக ஒரு கால் திருப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு திருப்புபவர்கள்தான் ஆறு மாதம் கழித்து ஐந்தாம் அறிகுறியோடு வருகிறார்கள்.

சில கூடுகள் உட்கார்ந்து சில உட்காரவில்லை என்றால் டையை நகர்த்தாதீர்கள். மெழுகு சமமாகத் தடவாததோ, பல முறை சுட்டு இறுகிய கூடுகளும் புதியவையும் கலந்திருப்பதோ காரணமாக இருக்கும். இறுகிய பித்தளை டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் மீண்டு எழும். கூடுகளை வயது வாரியாகப் பிரித்து வையுங்கள்.

*அடிப்பாகத்தில் உரிந்திருக்கிறதா?* தோட்டா உட்காரும் அறை தளர்வாக உள்ள வேறு துப்பாக்கியில் சுட்ட கூடு. தரையில் பொறுக்கியதாக இருந்தால் அநேகமாக இதுதான். அடிவரை நெருக்கும் சிறப்பு டை ஒன்று உண்டு. நாலு கூடுகளுக்காக அதை வாங்குவது வீண், கூட்டை எறியுங்கள்.

*விளிம்பில் உரிந்திருக்கிறதா?* கூட்டை இழுத்தெறியும் கொக்கி பட்டுப் பிசிர் எழும்பியிருக்கும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு.

*எப்போது அழைக்க வேண்டும்?* அளவியில் சரியாக உட்காரும் கூடு துப்பாக்கியில் மட்டும் உட்காரவில்லை, அறையைத் துடைத்தபின்னும் அப்படியே இருக்கிறது என்றால், அது துப்பாக்கிப் பழுது பார்ப்பவரின் வேலை. போல்ட்டைச் சுத்தியலால் தட்டி மூடாதீர்கள். இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கே வருத்தம்தான்.

அறிகுறி 4: பழைய பிரைமர் வெளியே வரவில்லை, ஊசி வளைகிறது

முதலில் பிரைமரைப் பாருங்கள். நடுவில் துப்பாக்கி ஊசி குத்திய குழி இல்லையென்றால் அது வெடிக்காத பிரைமர். தள்ளாதீர்கள். தனியே வைத்து, அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

குழி இருந்தால், கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். நடுவே ஒரே துளை தெரிந்தால் பாக்ஸர் முறை. ஊசி அதற்காகவே செய்தது. ஓரத்தில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டான் முறை. ஊசி இறங்க அங்கே இடமே இல்லை. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கக் கடைகளில் பாக்ஸரும் ஐரோப்பிய ராணுவக் கூடுகளில் பெர்டானும் நிலைத்துவிட்டன. பெர்டான் கூட்டை மறுபடி நிரப்பத் தனிக் கருவியும் கிடைக்காத பிரைமரும் வேண்டும். பழைய பித்தளைக்குப் போட்டுவிடுங்கள். பித்தளை நிறம் பூசிய எஃகுக் கூடுகளும் உண்டு. காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அவற்றையும் ஒதுக்குங்கள்.

ஒரே துளைதான், ஆனாலும் வரவில்லையா? டம்ளரில் போட்ட வால்நட் ஓட்டுத் துகள் துளையை அடைத்திருக்கலாம். உள்ளே கூழாங்கல் கிடந்தாலும் ஊசி வளையும். ஏற்றும் முன் கூட்டைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம் வேண்டும். ஊசி சில டாலர்தான். கூடுதலாக ஐந்து வாங்கி வையுங்கள்.

*புதிய பிரைமர் உள்ளே போகவில்லையா?* ராணுவக் கூடாக இருக்கும். அடியில் எல்.சி. என்ற எழுத்தும் வருடத்தின் இரண்டு இலக்கமும் இருந்தால் மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் நகரத்து லேக் சிட்டி ஆலையில் செய்தது. பிரைமர் கழன்றுவிடாமல் இருக்கக் குழியின் விளிம்பை அழுத்தி மடித்திருப்பார்கள். மடிப்பை அழுத்தி விரிக்கும் கருவியாலோ சீவும் பிட்டாலோ ஒரு முறை எடுத்துவிட்டால் போதும், அடுத்த முறை செய்ய வேண்டியதில்லை. சீவும்போது கை அளவு மீறினால் குழி அகன்றுவிடும். நான் விரிக்கும் கருவியையே விரும்புகிறேன். மடிப்பை எடுக்காமல் பிரைமரைப் பலங்கொண்டு அழுத்துவது ஒருபோதும் கூடாது.

*பிரைமர் தளர்வாக உட்காருகிறதா?* குழி விரிந்துவிட்டது. இதைச் சரிசெய்ய வழி கிடையாது, கூட்டை எறியுங்கள். ஒரே தொகுதியில் பல கூடுகளின் குழி சீக்கிரமே தளர்ந்தால் நீங்கள் நிரப்பும் மருந்து அதிகம் என்று பொருள். அட்டவணையை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அறிகுறி 5: அடிக்கு மேலே ஒரு பளபளப்பான வளையம்

இந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. மற்றவற்றில் வீணாவது பணம்; இதில் ஆபத்து கண்ணுக்கும் கைக்கும்.

அடியிலிருந்து சுமார் கால் அங்குலம் மேலே, கூட்டைச் சுற்றி மெல்லிய வெளிர்க் கோடு தெரியும். அங்கே சுவர் உள்ளிருந்து மெலிந்துகொண்டு வருகிறது. இன்னும் ஓரிரு முறை சுட்டால் கூடு அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும்; சூடான வாயு பின்பக்கமாக வெளியேறும்.

ஆனால் எல்லா வளையமும் இது அல்ல. டை இறங்கி நிற்கும் இடத்தில் வெளிப்புறமாக ஒரு அகலமான மினுக்கு எப்போதும் விழும், அது பாதிப்பில்லாதது. இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம், விரலால் எளிது. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் செங்குத்தாக மடித்து, நுனியைக் கூர்மையாக அரத்தால் தேயுங்கள். அதைக் கூட்டுக்குள் அடிவரை விட்டு, நுனி உட்சுவரில் உரசும்படி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில், அடியிலிருந்து கொஞ்சம் மேலே வந்ததும் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து "டிக்" என்று தட்டும். ஒரு முறை விரலுக்கு அது தெரிந்துவிட்டால் பிறகு மறக்காது.

ஐயமாக இருந்தால் அந்தத் தொகுதியில் ஒன்றை வைஸில் பிடித்து, இரும்பு அறுக்கும் ரம்பத்தால் நெடுக்காக அறுங்கள். சுவரில் பள்ளம் தெரிந்தால், அதே வயதுள்ள அத்தனை கூடுகளும் குப்பைக்கு. "மற்றதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று என்னிடம் பேரம் பேசுபவர்கள் உண்டு. கூட்டின் விலை சில்லறைக் காசு. எறியும் முன் வாயை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னொரு சிக்கனக்காரர் குப்பைத்தொட்டியிலிருந்து பொறுக்கிக்கொண்டு போவார்.

காரணங்கள்: டையை அளவுக்கு மீறி இறக்கி, ஒவ்வொரு முறையும் தோளை அதிகமாகப் பின்னுக்குத் தள்ளியது முதல் காரணம். மூன்றாம் அறிகுறியில் சொன்ன 10 டிகிரிக் கணக்கைப் பார்த்து டையை மேலே தூக்குங்கள். கூட்டுக்கு வயதாகிவிட்டது அடுத்தது. எத்தனை முறை சுட்டது என்பதைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். மூன்றாவது, விலை மிகுந்தது: துப்பாக்கியின் அறையே ஆழமாகிவிட்டது.

*எப்போது அழைக்க வேண்டும்?* தொழிற்சாலையில் நிரப்பிய புதிய தோட்டாவை ஒரே ஒரு முறை சுட்டபோதே வளையம் தெரிந்தால், உங்கள் டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் துப்பாக்கியைச் சுடுவதை நிறுத்திவிட்டு, பழுது பார்ப்பவரிடம் அறையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். கூடு ஏற்கெனவே பிரிந்து முன்பாதி அறைக்குள் நின்றுவிட்டாலும் அவரிடம்தான் போக வேண்டும். ஸ்குரூடிரைவரால் நெம்பி அறையைக் கீறிக்கொண்டு வந்தவருக்கு, கூட்டை எடுக்க ஆன செலவைவிடக் கீறலைச் சரிசெய்ய ஆன செலவு பல மடங்கு.

அறிகுறி 6: கழுத்து வெடிக்கிறது

*நான்கைந்து முறை சுட்ட கூடுகளா?* இயல்பான முதுமை. கழுத்து ஒவ்வொரு முறையும் விரிந்து, சுருங்கி, மறுபடி விரிகிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோலத்தான். வெடித்ததை எறியுங்கள். மீதி இருப்பவற்றின் கழுத்தைச் சூடு காட்டி இளக்கலாம். கூட்டை டிரில்லில் பொருத்திச் சுழற்றியபடி, புரோபேன் சுடரைக் கழுத்திலும் தோளிலும் சில விநாடிகள் காட்டுவார்கள். வெப்பநிலை காட்டும் பூச்சைத் தடவிப் பழகாமல் இதில் இறங்காதீர்கள். முக்கியமானது ஒன்று: அடிப்பாகம் சூடாகவே கூடாது. அடி இளகிய கூடு அழுத்தத்தைத் தாங்காது. அதைப் பழையபடி இறுக்க வழியும் இல்லை. வெறும் விரலால் அடியைப் பிடித்திருக்க முடியாத அளவு சூடேறினாலே நான் அந்தக் கூட்டை ஒதுக்கிவிடுவேன்.

*சுடாமலே, பெட்டியில் இருந்தபோதே வெடித்ததா?* கழுவிய திரவத்தையும் வைத்திருந்த இடத்தையும் பாருங்கள். அம்மோனியா இருந்திருக்கும். 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த தோட்டாப் பித்தளைக்கு அம்மோனியா பகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்தால் கூடுகள் விரிசல் விட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளங்கியது. ஆங்கிலத்தில் அந்த விரிசலுக்கு இன்றும் "பருவகால வெடிப்பு" என்ற பொருளில்தான் பெயர் வழங்குகிறது. அந்தப் பருவம் நம் ஊர் மழைக்காலம். எனவே குத்துவிளக்கு துலக்கும் அம்மோனியாத் திரவமும், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவமும் கூடுகளின் பக்கமே வரக் கூடாது.

*புதிய கூடுகளே முதல் சுடலில் வெடித்தால்?* ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். ஒரு பெட்டி முழுதும் அப்படியென்றால் தொகுதி எண்ணோடு தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்.

அறிகுறி 7: ஒரே கூட்டை மூன்று முறை அளந்தால் மூன்று அளவு

காலிப்பரின் தாடைகளைத் துடையுங்கள், மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள், பேட்டரியை மாற்றுங்கள். இந்த வரிசையில். அதன்பின்னும் மாறினால் கூட்டின் வாயில் பிசிர் இருக்கிறது, அல்லது வாய் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது. சாய்வு என்றால் வெட்டும் கருவியில் கூடு நேராக உட்காரவில்லை. பிடிப்பானில் சுருள் சிக்கியிருக்கிறதா பாருங்கள்.

அறிகுறி 8: கழுவியபின் நிறம் மாறியது

*இளஞ்சிவப்பு:* அமிலத்தில் அதிக நேரம் ஊறிவிட்டது. மேற்பரப்பின் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் தெரிகிறது. பித்தளைக் குடத்தில் புளியைப் பூசிவிட்டு மறந்துபோனால் திட்டுத்திட்டாகச் சிவக்குமே, அதேதான். லேசான சாயல் என்றால் கவலையில்லை. பள்ளம் பள்ளமாக அரித்திருந்தால் எறியுங்கள். எஃகு ஊசிகளோடு நீரில் சுழற்றுபவர்கள் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை அளவில் நிறுத்திக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க ஓட விட்டுத் தூங்கப் போகாதீர்கள். எடுத்ததும் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எஃகு ஊசி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

*பழுப்பு, கறுப்புப் புள்ளிகள்:* சரியாக அலசவில்லை, அல்லது ஈரத்தோடு டப்பாவில் மூடிவிட்டீர்கள். மறுபடி அலசி, துண்டில் பரப்பி வெயிலில் காய வையுங்கள்.

*பச்சை:* களிம்பு. தேய்த்தால் போய், அடியில் வழவழப்பு இருந்தால் வைத்துக்கொள்ளலாம். குழி இருந்தால் வேண்டாம்.

அறிகுறி 9: மேசையைச் சுற்றிக் கறுப்புத் தூசி

டம்ளரின் மூடியைத் திறந்ததும் எழும் சாம்பல் நிறத் தூசியில் ஈயம் இருக்கிறது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்டபின் அது கரியாகக் கூட்டுக்குள்ளேயே தங்குகிறது. உலர் துகளில் சுழற்றுபவர்கள் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுப் பயன்படுத்திய டிரையர் தாளைத் துண்டாக்கி உள்ளே போட்டால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். துகளைப் பிரிப்பதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், முகக்கவசத்தோடு. நீரில் கழுவும் முறைக்கு மாறுவது இன்னும் நல்லது; அந்தக் கறுப்பு நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வீட்டில் சமைக்கும் வடிகட்டி, கிண்ணம், அடுப்பு எதையும் இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டால் அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சாப்பாடும் காப்பியும் அந்த மேசையில் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் அருகிலேயே வேண்டாம்.

இங்கே அழைக்க வேண்டியவர் மருத்துவர். மூடிய கூடத்தில் வாரந்தோறும் சுடுபவரும், வாரந்தோறும் கூடு சுத்தம் செய்பவரும் வருடத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அது சேராது. நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். என் முடிவு முதல் முறை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தது. அன்றிலிருந்து டம்ளர் தோட்டத்துக் கொட்டகையில் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு சோப்புக் கட்டியும்.